தொட்டுப் பார், கேட்டுப் பார்: பார்வையற்ற குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகள்

பிறந்து இரண்டு மாதம் ஆன குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குழந்தை முகம் பார்க்க ஆரம்பித்துவிட்டதா?" என்றுதான். பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தையைப் பெற்ற தாய் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? தொட்டில் அருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதுவரை கை காலை ஆட்டிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கிறது. முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. சிரிப்பு இல்லை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்ததும், "என் குரல் இதற்குப் பிடிக்கவில்லை போல" என்று அவளுக்குத் தோன்றிவிடுகிறது. கூப்பிடுவது மெல்லக் குறைகிறது.

அந்த அசையாமைக்கு அர்த்தமே வேறு. குழந்தை உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பார்வையுள்ள குழந்தை கண்ணை அகல விரித்துச் செய்வதை, இந்தக் குழந்தை உடம்பை அடக்கிச் செய்கிறது. முகம் திரும்பியிருப்பது, காதை அவள் பக்கம் கொடுப்பதற்காக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் பொறுத்து விரல்களைப் பார்த்தால், அவை மெல்ல விரிந்து மூடுவது தெரியும். முகத்தில் தேடும் பதில் கையில் இருக்கிறது.

பார்வையற்ற குழந்தைகளிடம் காணும் வளர்ச்சித் தாமதங்களில் பலவும் இந்த வகைதான். வேறு நரம்புக் கோளாறு எதுவும் இல்லாத குழந்தைக்குத் தவழவும் நடக்கவும் பேசவும் தேவையான தசையும் மூளையும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தச் சொல்லி உலகம் அதைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடும் வேலையைக் கண் செய்துகொண்டிருந்தது என்பது, கண் இல்லாத இடத்தில்தான் நமக்கே தெரிகிறது.

மூன்று நான்கு மாதக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால் ஏன் தலையைத் தூக்குகிறது? எதிரே ஏதோ தெரிகிறது, அதனால் தூக்குகிறது. தூக்கத் தூக்கக் கழுத்து உறுதிப்படுகிறது. கையை ஊன்றுகிறது, தோள் பலப்படுகிறது. ஐந்தாம் மாத வாக்கில் கண்ணில் பட்ட பொருளுக்குக் கை நீட்டுகிறது. எட்டாததற்கு உடம்பை இழுக்கிறது, தவழ்கிறது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு கோப்பது பார்வை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு நாளைக்கு நூறு முறை, "வா, இங்கே வா" என்று அறையிலுள்ள ஒவ்வொரு பொருளும் அந்தக் குழந்தையை அழைத்துக்கொண்டே இருக்கிறது.

சரி, கண் இல்லாவிட்டால் காது இருக்கிறதே, கிலுகிலுப்பையை ஆட்டினால் போதாதா? எல்லாருக்கும் தோன்றும் யோசனைதான். இங்கேதான் நம் கணக்கு தப்புகிறது.

ஏழு மாதக் குழந்தை ஒன்றின் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்ததும் ஆட்டியது, வாயில் வைத்தது, கன்னத்தில் தேய்த்துக்கொண்டது. அத்தனை சந்தோஷம். மெல்ல அதை வாங்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து அதே சத்தத்தை எழுப்பினேன். குழந்தை அமைதியானது. கை நீளவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் மடியில் கிடந்த வலது கை, சற்று முன் கிலுகிலுப்பையைப் பிடித்திருந்த அதே கை, காற்றில் எதையோ பிடிப்பது போல விரல்களைக் குவித்துக் குவித்து விட்டது. அதற்கு அந்தச் சத்தம் நினைவிருக்கிறது, அந்தப் பொருளும் நினைவிருக்கிறது. அந்தச் சத்தம் வருகிற இடத்தில் அந்தப் பொருள் இருக்கிறது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

இதை முதன்முதலில் நுணுக்கமாகப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃபிரைபெர்க். 1960களிலும் 70களிலும் மிச்சிகனில் பிறவியிலேயே பார்வையற்ற, மற்றபடி ஆரோக்கியமான பத்துக் குழந்தைகளை அவரும் அவருடைய குழுவினரும் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், அந்தக் குடும்பங்களுக்குத் துணை நின்றார்கள். அவர் கண்டது இது: ஒலி மட்டுமே கேட்டு ஒரு பொருளுக்குக் கை நீட்டுவது முதல் ஆண்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. பார்வையுள்ள குழந்தையும் இதில் முந்திக்கொள்வதில்லை. பொம்மையைத் துணியால் மூடிச் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டால், அதுவும் ஏறக்குறைய அந்த வயதில்தான் தேடுகிறது. அதற்குக் கண் துணைக்கு இருப்பதால் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்துக் குழந்தைகளில் ஒன்றுகூட, ஒலியை நோக்கிக் கை நீட்டப் பழகுவதற்கு முன் தவழவில்லை. கை முட்டி போட்டு ஆடுவதற்கான பலம் அதற்கு முன்பே வந்திருந்தது. முன்னே போகக் காரணம்தான் இல்லாமல் இருந்தது.

கைகளைப் பற்றி அவர் எழுதியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாரும் வழிகாட்டாத பார்வையற்ற குழந்தையின் கைகள் பெரும்பாலும் தோள் உயரத்தில், வெறுமையாக, ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்துவிடும். பார்வையுள்ள குழந்தை நான்காம் மாதத்தில் தன் இரண்டு கைகளையும் நெஞ்சருகே கொண்டுவந்து வெறித்துப் பார்த்துக்கொண்டே கோத்துப் பிசைந்து விளையாடுமே, அந்தக் கட்டம் இங்கே தானாக வராது. இரண்டு கை சேராவிட்டால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற வராது, தட்ட வராது, திருப்பிப் பார்க்க வராது.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் நெஞ்சுக்கு நேரே உள்ள அந்த நடு இடம். பால் குடிக்கும்போது குழந்தையின் இரண்டு கைகளும் தாயின் மார்பிலோ புட்டியிலோ படும்படி வைக்கலாம். கைதட்டும் பாட்டு, உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்க்கும் விளையாட்டு எதுவானாலும் சரி. மணி கோத்த பட்டையைச் சற்று நேரம் ஒரு மணிக்கட்டில் கட்டிவிட்டால், மற்றக் கை அதைத் தேடி வரும். கிலுகிலுப்பையைத் தூரத்தில் ஆட்டுவதற்குப் பதிலாக, முதலில் முழங்கைக்குக் கீழே அதைத் தொடவைத்து ஒலி எழுப்பலாம். தொட்ட இடத்தை நோக்கிக் கை வரும். பல நாள் கழித்து, தொட்டுவிட்டு ஓர் அங்குலம் விலக்கி ஒலி எழுப்பலாம். அப்புறம் இரண்டு அங்குலம். ஒலிக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்ற கண்டுபிடிப்பைக் குழந்தை தானே செய்ய வேண்டும். அது நிகழும் தூரத்தில் பொருளை வைப்பதுதான் நம் வேலை.

குப்புறப் படுப்பது பெரும்பாலான பார்வையற்ற குழந்தைகளுக்குப் பிடிக்காது. பிடிக்காததில் வியப்பில்லை. முகம் துணியில் புதைகிறது, கை உடம்பின் கீழ் மாட்டிக்கொள்கிறது, தலையைத் தூக்கினாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. அழுகிறது என்று உடனே மல்லாக்கப் போட்டுவிட்டால், கழுத்தும் தோளும் பலப்பட வாய்ப்பே இருக்காது. அப்பா மல்லாந்து படுத்துக்கொண்டு, குழந்தையைத் தன் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு பேசலாம். இப்போது தலையைத் தூக்கக் காரணம் இருக்கிறது: கீழே அதிரும் மார்பு, மேலே சூடான மூச்சு, கைக்கு எட்டும் மூக்கு, மீசை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று பல தடவை போதும்.

நடை விஷயத்தில் ஒரு முரண் உண்டு. உட்காருவது, பிடித்தால் நிற்பது போன்ற இருந்த இடத்தில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளை ஒட்டிய வயதிலேயே வந்துவிடும். தானாக எழுந்து உட்காருவது, தவழ்வது, நடப்பது போன்ற இடம் மாறும் வேலைகள்தான் பல மாதம் பின்தங்கும். இந்த இடைவெளியை அறியாதவர்கள், நன்றாக நின்ற குழந்தை ஏன் ஒரு வருடம் ஆகியும் நடக்கவில்லை என்று அஞ்சிப் போகிறார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓர் அடி எடுத்து வைப்பது யாருக்குமே பெரிய காரியம். உருட்டித் தள்ளும் வண்டி போன்ற பொம்மை இங்கே நல்ல துணை. இடித்தால் முதலில் அது இடிக்கும், குழந்தை இல்லை. வெறுங்காலோடு விடுங்கள். தரை எங்கே முடிகிறது, பாய் எங்கே தொடங்குகிறது என்பதைப் பாதம்தான் படிக்கிறது.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்பதை மட்டும் நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். குழந்தையின் மணிக்கட்டைப் பற்றி, "இதைத் தொடு" என்று ஈரமான, பிசுபிசுப்பான ஒன்றில் அழுத்துவதை அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அந்தக் கைகள்தான் அதற்குக் கண். உங்கள் தலையை யாரோ பிடித்துத் திருப்பி, இமையை விரித்து, "பார்" என்றால் எப்படி இருக்கும்? இப்படி நடக்கும் குழந்தைகள் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவும், புதிய பொருளைத் தொடவே அஞ்சவும் பழகிவிடுகின்றன. மாற்று வழி எளிது: உங்கள் கையை அதன் கைக்குக் கீழே கொடுங்கள். உங்கள் விரல்கள் பொருளைத் தொடும், குழந்தையின் விரல்கள் உங்கள் விரல்களின் மேல் சவாரி செய்யும். உங்கள் கை என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளலாம். தைரியம் வந்ததும் ஒரு விரல் மெல்ல நழுவி உங்கள் விரலிடுக்கு வழியே பொருளைத் தொடும். அந்த ஒரு விரலுக்காகக் காத்திருப்பதில் தவறில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் இந்தக் காத்திருப்பை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். 1926இல் பிறந்து 2013இல் மறைந்த அவருக்குப் பார்வையற்ற உடன்பிறப்புகள் இருந்தார்கள். சிறு வயதிலேயே தம்பியைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பின்னாளில் அவர் உருவாக்கிய 'சின்ன அறை' பார்க்க மிகச் சாதாரணமான பெட்டி. மூன்று பக்கம் சுவர், மேலே ஒரு கூரை. குழந்தை மல்லாந்து படுத்தால் தலையும் மார்பும் அதற்குள் இருக்கும். கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கரண்டி, மணிமாலை, தூரிகை, சாவிக்கொத்து, மரத்துண்டு எனக் கைக்கு எட்டும் தூரத்தில் பொருள்கள் தொங்கும். தற்செயலாகக் கை வீசினாலே ஏதோ ஒன்று படும், ஒலிக்கும்.

இதன் சூட்சுமம் பொருள்கள் மீள்நாடாவில் கட்டியிருப்பது. குழந்தை கரண்டியை இழுத்து வாயில் வைத்துவிட்டு விட்டால், அது பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். தரையில் கிடக்கும் பொம்மை கையை விட்டுப் போனால் பார்வையற்ற குழந்தைக்கு அது உலகத்தை விட்டே போனது போல. உருண்டு போனதா, யாராவது எடுத்தார்களா என்று அறிய வழியில்லை. இங்கே பொருள் போன இடத்திலிருந்து திரும்ப வருகிறது. 'நான் தொடாதபோதும் அது இருக்கிறது' என்பதை இதைவிட நன்றாக யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. அவர் பயன்படுத்திய அதிர்வுப் பலகையும் அப்படித்தான்: சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள மரப்பலகை, அடியில் ஓரமாகச் சட்டம். அதன் மேல் கிடக்கும் குழந்தை காலை அசைத்தாலும் ஒலியும் அதிர்வும் உடம்புக்குத் திரும்பும்.

குழந்தை மும்முரமாக இருக்கும்போது பேசாதீர்கள் என்பதும் நீல்சனின் வலியுறுத்தல். பலருக்கும் கடினமானது இதுதான். குழந்தை மணியைக் கண்டுபிடித்த அதே நொடியில், "ஆஹா, மணியா? என் செல்லம்!" என்று கத்திவிடுகிறோம். குழந்தை மணியை விட்டுவிட்டு நம் குரலுக்குத் திரும்புகிறது. அது தானாக இடைவெளி விடும்போது சொல்லலாமே. ஆனால் குழந்தையைச் சின்ன அறைக்குள் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. யாராவது ஒருவர் வாயை மூடிக்கொண்டு அருகில் இருக்க வேண்டும்.

வீட்டின் ஒலியையும் கொஞ்சம் சீர்செய்ய வேண்டும். நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடும் வீட்டில் காது பயன்படாது. கதவு திறப்பது, பக்கத்து அறையில் தண்ணீர் விழுவது, அம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்குவது ஆகியவைதான் இந்தக் குழந்தைக்கு வீட்டின் வரைபடம். ஓயாத இரைச்சல் அதன் மேல் மையைக் கொட்டுவது போல. தூக்குவதற்கு முன் பெயரைச் சொல்லி, தோளைத் தொட்டு, ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். எச்சரிக்கையில்லாமல் ஆகாயத்தில் எழும்புவது திகிலான அனுபவம். குளிப்பதற்கு முன் ஒரு துண்டு, வெளியே கிளம்பும் முன் தொப்பி என்று கையில் ஓர் அடையாளம் கொடுத்தால், அடுத்து என்ன வருகிறது என்பது அதற்கும் தெரியும்.

பார்வை போனால் மற்றப் புலன்கள் தானாகக் கூர்மையாகிவிடும் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். தானாக ஆவதில்லை, பழகிப் பழகி வருவது அது. மூளை அதற்கு இடம் கொடுக்கிறது என்பது மட்டும் உண்மை. பார்வையற்றவர்கள் பிரெயில் படிக்கும்போது, பார்வைக்கென்று மூளையின் பின்புறம் இருக்கும் பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்வதை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை, தொடுதலுக்குக் கைமாறியிருக்கிறது.

பேச்சுக்கு வருவோம். முதல் சொற்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளின் வயதிலேயே வந்துவிடுகின்றன. சிக்கல் வருவது சொல்லும் பொருளும் சேரும் இடத்தில். 'இது', 'அது', 'அங்கே' போன்றவை விரல் நீட்டும் சொற்கள். நீட்டிய விரல் தெரியாதவருக்கு அவை வெற்றுச் சத்தம். "அங்கே இருக்கிறது, எடு" என்பதைவிட "உன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்பதில் பொருள் இருக்கிறது. 'நான்', 'நீ' இடம் மாறுவதும் சில குழந்தைகளிடம் நீண்ட நாள் நீடிக்கும். "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்று தன் தாகத்தைச் சொல்லும். திருத்தித் திட்ட வேண்டாம். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அதன் இடத்திலிருந்து சொல்லிக்காட்டினால் மெல்லச் சரியாகும். நாம் கொட்டும் சொற்களும், கட்டளைகளாகவும் கேள்விகளாகவும் மட்டும் இருந்துவிடக் கூடாது. குழந்தையின் கை இப்போது எதில் இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள்.

'பார்' என்ற சொல்லைச் சொல்லலாமா என்று தயங்கும் பெற்றோரை நான் அறிவேன். சொல்ல நா எழாமல் விழுங்கிவிடுவார்கள். தமிழ் இதில் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. தொட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார், தின்று பார், செய்து பார் என்று நம் மொழியில் எந்தப் புலனாலும், எந்த முயற்சியாலும் 'பார்க்க' முடியும். கையால் பார்க்கிற குழந்தைக்கு அந்தச் சொல்லில் முழு உரிமை உண்டு.

இவ்வளவும் சொன்னபின் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பார்வையற்ற' என்று சொல்லப்படும் குழந்தைகளில் பலருக்கு ஒளியோ நிழலோ அசைவோ கொஞ்சமாவது தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் பயன்படுத்தினால்தான் அது வளரும். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களில் நீக்கிவிட்டால் பார்வை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, தள்ளிப்போனால் மூளை பார்க்கக் கற்கும் பருவம் கடந்துவிடும். கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது கண்ணுக்குள் வளரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் சோதித்தே ஆக வேண்டும். 1940களில் குறைமாதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்தபோது யாருக்கும் காரணம் புரியவில்லை. மெல்போர்னைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கேட் கேம்பெல் 1951இல் ஆக்சிஜன் மேல் சந்தேகத்தைத் திருப்பினார், அடுத்த சில ஆண்டுகளில் அது உறுதியானது. உயிரைக் காக்கக் கொடுத்த ஆக்சிஜனின் மிகுதியே விழித்திரையைக் கெடுத்திருந்தது. கண் நன்றாக இருந்து மூளையில் பார்க்கும் பகுதி பாதிக்கப்பட்ட குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் பார்வை இன்று இருப்பது போலவும் நாளை இல்லாதது போலவும் தோன்றும். அவர்களுக்கு எளிய பின்னணியில் ஒரே ஒரு பொருள், ஒரே நிறம், மெல்ல அசைவது நல்லது.

விரலால் கண்ணை அழுத்துவது விழித்திரைக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் அதிகம். அழுத்தும்போது ஒளிப்பொறி போல ஏதோ தோன்றுகிறது, அது அவர்களுக்குப் பிடிக்கிறது என்று கருதப்படுகிறது. நாளடைவில் கண்குழி உள்ளே போகும், கருவிழியும் கெடக்கூடும். அதட்டுவதில் பலனில்லை. கைக்கு வேறு வேலை கொடுப்பதுதான் வழி. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான், ஊஞ்சலும் ஓட்டமும் அதிகமானால் குறையும். ஒளியே தெரியாத குழந்தைகளுக்கு இரவு பகல் குழம்பித் தூக்கம் சிதறும். இது வளர்ப்பின் குறை இல்லை, உடற்கடிகாரத்துக்கு வெளிச்சத்தின் சேதி போகாததுதான் காரணம். மருத்துவரிடம் பேசலாம். இன்னொன்று முக்கியம்: ஒன்றரை வயதை ஒட்டி, அதுவரை வந்த பேச்சோ பழகுதலோ நின்றுபோய்ப் பின்வாங்கத் தொடங்கினால், பார்வைதான் காரணம் என்று யாராவது சொல்வதை ஏற்றுச் சும்மா இருக்க வேண்டாம். உடனே வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள்.

புன்னகைக்கு ஒரு குறிப்பு பாக்கி. பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லாத குழந்தைகளைப் படம் பிடித்த நடத்தையியல் ஆய்வாளர் ஐரேனியஸ் ஐபல்-ஐபஸ்ஃபெல்ட், அவர்களும் மற்றவர்களைப் போலவே சிரிப்பதையும் அழுவதையும் கண்டார். சிரிப்பை யாரும் பார்த்துக் கற்பதில்லை. ஆனால் அது நிலைக்க மறுமொழி வேண்டும். பதிலுக்கு நீங்கள் சிரிப்பது குழந்தைக்குத் தெரியாது. அதனால் குரலிலும் தொடுதலிலும் சிரியுங்கள். வயிற்றில் ஊதலாம், கன்னத்தில் கன்னம் வைத்துச் சிரிக்கலாம். உங்கள் முகத்தின் மேல் அதன் கையை மேயவிடுங்கள். முகம் பார்த்துவிட்டதா என்று அடுத்த முறை யாராவது கேட்டால், பார்த்துவிட்டது என்றே சொல்லலாம்.

கிலுகிலுப்பைக்குக் கை நீட்டாத அந்த ஏழு மாதக் குழந்தையைப் பதினொரு மாதத்தில் மறுபடி பார்த்தேன். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் மேசையில் ஒரு கரண்டியைக் குட்டையான நாடாவால் கட்டி வைத்திருந்தார் அம்மா, பக்கத்திலேயே உட்கார்ந்தும் இருந்தார். குழந்தை கரண்டியைத் தூக்கி விளிம்புக்கு வெளியே விட்டது. டங் என்று நாற்காலிக் காலில் பட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டது. கை மேசை மேல் ஊர்ந்து நாடாவைக் கண்டுபிடித்து இழுத்தது, இழுத்தது, கரண்டி கைக்கு வந்தது. ஒருமுறை நக்கிவிட்டு, மறுபடியும் கீழே விட்டது.